ஜோன் வெற்றன் ஏன் அத்தனை குழுக்களில் வாசித்தார்?

தம்பி, நீர் கேட்டதை முதலில் சுருக்கிச் சொல்கிறேன், வாசிக்கிற மற்றவர்களுக்கும் விளங்கட்டும். நீர் குருநகரில் கோயில் பாடகர் குழுவிலும் கலியாண வீடுகளுக்குப் போகிற ஒரு இசைக்குழுவிலும் பேஸ் கிற்றார் வாசிக்கிறீர். இப்போது இன்னொரு குழுவும் கூப்பிடுகிறது. போனால் "ஒரு இடத்திலும் நிலைக்காத பெடியன்" என்று பெயர் வந்துவிடுமோ என்று யோசிக்கிறீர். கிங் கிறிம்சன் என்ற இங்கிலாந்து றொக் குழுவில் பேஸ் வாசித்துப் பாடிய ஜோன் வெற்றன் ஏழெட்டுக் குழு மாறியவர் என்று கேள்விப்பட்டு, அவர் எங்கேயும் நிலைக்காமல் போனதற்கு என்ன காரணம், அவரை எங்கிருந்து கேட்கத் தொடங்கலாம் என்றும் கேட்டிருக்கிறீர்.

வெற்றன் நிலைக்காதவர் என்று நான் நினைக்கவில்லை. அவருடைய வருடங்களை வரிசையாக வைத்துப் பார்த்தால் ஒரு விஷயம் துலக்கமாகத் தெரியும். "எங்களுக்கு பேஸ் வாசிக்க ஆள் தேவை" என்று கூப்பிட்ட இடங்களில் அவர் ஒன்று, ஒன்றரை வருடத்துக்கு மேல் இருந்ததில்லை. பாட்டு எழுதி அதைத் தானே பாடவும் முடிந்த இடங்களை அவர் லேசில் விடவில்லை. அந்தக் குழுக்கள் கலைந்து போயின, சிலவற்றுக்கு இருபது முப்பது வருடம் கழித்தும் திரும்பி வந்தார். இதை மனதில் வைத்துக்கொண்டு மிச்சத்தை வாசியும்.

1949 ஜூன் 12இல் டார்பிஷயரில் வில்லிங்டன் என்ற ஊரில் பிறந்தார். வளர்ந்தது இங்கிலாந்தின் தெற்குக் கடற்கரையில், போண்மத் நகரத்தில். அவருடைய அண்ணன் தேவாலயத்தில் ஓர்கன் வாசிப்பவர். அண்ணன் ஞானப்பாடல்களை ஒத்திகை பார்க்கும்போது கீழ்க்குரலைப் பியானோவில் வாசித்துக் கொடுப்பது சின்னவரின் வேலை. இது உமக்கு மிகவும் வேண்டிய செய்தி. நான்கு குரலில் எழுதப்பட்ட பழைய ஞானப்பாடல் ஒன்றை எடுத்து, கீழ்க்குரலை மட்டும் பாடிப் பாரும். அது மேலே போகிற மெட்டுக்கு வெறுமனே முட்டுக்கொடுக்கவில்லை, தனக்கென்று ஒரு மெட்டோடு நடக்கும். மேற்குரல் ஏறும்போது இது இறங்கும், மேற்குரல் ஓரிடத்தில் நிற்கும்போது இது நகரும். வெற்றனின் பேஸில் கடைசிவரை கேட்கிறது இந்தப் பழக்கம்தான். பாடிக்கொண்டே வேறொரு மெட்டை விரல்களால் வாசிக்க அவருக்கு வந்ததும் இதனால்தான் என்பது என் எண்ணம்.

போண்மத் பக்கம் அந்தக் காலத்தில் பாட்டுக்காரர் நிறைந்திருந்தார்கள். கிங் கிறிம்சனைத் தொடங்கிய றொபேட் ஃபிறிப் பக்கத்து ஊரான விம்போணில் பிறந்தவர். கிங் கிறிம்சனின் முதல் பாடகரும் பேஸ் வாசித்தவருமான கிறெக் லேக் அதே கரையில் பூல் பகுதியைச் சேர்ந்தவர். பின்னாளில் த பொலிஸ் குழுவில் கிற்றார் வாசித்த அன்டி சமர்ஸும் போண்மத்தில் வளர்ந்தவர்தான். சமர்ஸ் வாசித்த ஹோட்டல் இசைக்குழுவில் அவர் போன பிறகு அந்த இடத்துக்கு வந்தவர் ஃபிறிப். ஆளுக்கு ஆள் தெரியும், ஒருவர் விட்ட இடத்துக்கு மற்றவர் போவார்.

எங்கள் ஊரில் இது புதினமா? இணுவிலையும் அளவெட்டியையும் நினைத்துப் பாரும். இணுவில் விசுவலிங்கத்தின் மகன் தெட்சணாமூர்த்தி தவிலைத் தோளில் போட்டுக்கொண்டு இங்கே என்.கே. பத்மநாதனுக்கும் வாசித்தார், தமிழ்நாட்டுக்குப் போய் காருகுறிச்சி அருணாசலத்துக்கும் நாமகிரிப்பேட்டை கிருஷ்ணனுக்கும் வாசித்தார். அவரை நிலையில்லாதவர் என்று ஒருவரும் சொன்னதில்லை. இன்னாருக்கு இன்னார் தவில் என்று கேட்டுத்தான் சனம் விடிய விடிய மேளச்சமாவுக்குப் போய் இருந்தது. நாதஸ்வரம் யாருடையதாக இருந்தாலும் தவிலில் அவருடைய கை தெரிந்தது. வெற்றனை நான் கேட்பது அந்தக் காதோடுதான்.

தொடக்ககாலக் குழுக்களை விரைவாகத் தாண்டுவோம். மோகல் த்ராஷ் என்ற குழுவோடு 1971இல் ஓர் இசைத்தட்டு வந்தது, அதோடு அது முடிந்தது. பிறகு றொஜர் சப்மன் பாடிய ஃபமிலி குழு. 'ஃபியர்லெஸ்' 1971இலும் 'பான்ட்ஸ்ராண்ட்' 1972இலும் வந்தன, இரண்டும் நல்ல இசைத்தட்டுகள். சப்மனின் குரல் அப்படியே ஆளைப் பிடித்து உலுக்கும். ஆனால் அது சப்மனின் மேடை. வெற்றனுக்கு அங்கே பெரிதாகப் பாட இடமில்லை.

1972இல் ஃபிறிப் கிங் கிறிம்சனைப் புதிதாகக் கட்டினார். யெஸ் குழு உச்சத்துக்கு ஏறிக்கொண்டிருந்த நேரம் அதை விட்டுவிட்டு வந்த பில் புரூஃபோட் ட்ரம்ஸ், டேவிட் குறொஸ் வயலின், ஜேமி மியூர் தாளக்கருவிகள், பேஸும் பாட்டும் வெற்றன். இந்த இரண்டு வருடத்தைப் பற்றி நான் கொஞ்சம் நீட்டித்தான் எழுதவேண்டும். மூன்று ஸ்ரூடியோ இசைத்தட்டுகள்: 1973இல் 'லார்க்ஸ் ரங்ஸ் இன் அஸ்பிக்', 1974இல் 'ஸ்டார்லெஸ் அன்ட் பைபிள் பிளாக்', அதே வருடம் 'றெட்'.

அந்தக் குழுவில் தாளக் கிற்றாருக்குத் தனியாக ஆள் இல்லை, முழுநேரக் கீபோர்ட்காரரும் இல்லை. ஃபிறிப் கிற்றாரில் தன் பாதையில் போய்க்கொண்டிருப்பார், குறொஸ் வயலினிலோ மெலொற்றோன் என்ற கீபோர்ட் கருவியிலோ இருப்பார். நடுவிலிருக்கிற முழு வெளியையும் பேஸ் நிரப்பவேண்டும். வெற்றன் ஃபென்டர் பிறெசிஷன் என்ற பேஸ் கிற்றாரை அம்ப்பில் (கிற்றாரின் ஒலிபெருக்கியில்) சத்தம் உடைகிற அளவுக்கு ஏற்றி வாசித்தார். அந்த ஓசை அடியில் கிடந்து உறுமாது, கிற்றாரின் இடம்வரை ஏறி வரும். அவரும் புரூஃபோட்டும் சேர்ந்தால் வயலின் காதில் விழுவதே கடினம். குறொஸ் கடைசியில் குழுவை விட்டுப் போனதற்கு இந்தச் சத்தமும் ஒரு காரணம். இது அழகான விஷயம் என்று நான் சொல்ல வரவில்லை. ஒரு பேஸ் வாசிப்பவரால் ஒரு குழுவின் சமநிலையையே மாற்ற முடியும் என்பதற்குச் சொல்கிறேன்.

மேடையில் முன்கூட்டி எழுதாததை அந்த இடத்திலேயே உருவாக்குவது அவர்களின் வழக்கம். 'ஸ்டார்லெஸ் அன்ட் பைபிள் பிளாக்' இசைத்தட்டில் பெரும் பகுதி ஸ்ரூடியோவில் வாசித்ததில்லை. 1973 நவம்பரில் ஆம்ஸ்ரடாமின் கொன்செற்கெபவ் அரங்கில் பதிவானவற்றை எடுத்து, சனத்தின் சத்தத்தை நீக்கிச் சேர்த்திருக்கிறார்கள்.

'ஸ்டார்லெஸ்' பாட்டின் கதையை நீர் கட்டாயம் அறியவேண்டும். அது வெற்றன் கொண்டுவந்த மெட்டு. முதலில் குழுவுக்குப் பிடிக்கவில்லை. அந்தப் பெயரை மட்டும் வேறொரு வாத்திய உருப்படிக்கும் இசைத்தட்டுக்கும் வைத்துவிட்டு, பாட்டை ஒதுக்கினார்கள். அவர் அதை விடவில்லை. சொற்கள் அவருடைய போண்மத் காலத்து நண்பர் றிச்சட் பாமர்-ஜேம்ஸோடு சேர்ந்து திரும்ப எழுதப்பட்டன. 'றெட்' இசைத்தட்டின் கடைசியில், பன்னிரண்டு நிமிடத்துக்கு மேல், அது வந்து உட்கார்ந்தது. நடுவில் பேஸ் மட்டும் 13 எண்ணிக்கையில் ஒரு சுற்றைத் திரும்பத் திரும்ப வாசிக்கும், ஃபிறிப் அதன் மேல் ஒற்றைச் சுரங்களைத் தட்டித் தட்டி மெல்ல மெல்ல மேலே ஏற்றுவார். அந்தப் பேஸ் சுற்றை யோசித்துக் கொடுத்தவர் ட்ரம்ஸ் வாசித்த புரூஃபோட். ஆனால் அதை இத்தனை நிமிடம் அவசரப்படாமல், கனம் குறையாமல், ஒவ்வொரு சுற்றிலும் இறுக்கிக்கொண்டு போனது வெற்றனின் கை. பொறுமை என்றால் என்னவென்று அந்த நடுப்பகுதியில் கேளும். சுற்று மாறவில்லை, ஆனால் நெஞ்சு இறுகும்.

'றெட்' கடைக்கு வருவதற்கு முன்பே, 1974 செப்டெம்பரில், ஃபிறிப் குழுவைக் கலைத்துவிட்டார். வெற்றனுக்கு அப்போது 25 வயது. தன் ஆகச் சிறந்த பாட்டு இருக்கிற இசைத்தட்டு வெளிவரும்போது அதை மேடையில் வாசிக்கக் குழுவே இல்லை. இதை அவர் "விட்டுப் போன" கணக்கில் எழுதுகிறவர்களோடு எனக்கு உடன்பாடே இல்லை.

அடுத்த இரண்டு வருடம் அவர் கூலிக்கு வாசித்தார். இதில் குறைவு ஒன்றும் இல்லை. றொக்ஸி மியூசிக் குழுவோடு மேடையேறினார். 1976இல் வந்த 'விவா' என்ற நேரடிப் பதிவில் அவருடைய பேஸ் இருக்கிறது. பிறையன் ஃபெரியின் தனி இசைத்தட்டுகளிலும் வாசித்தார். அங்கே கேட்டால் அவர் அதே ஆள் மாதிரியே இருக்கமாட்டார். கிறிம்சனில் அத்தனை இடத்தையும் பிடித்தவர், இங்கே பாடகருக்கு வழிவிட்டு, நடனத்துக்குத் தேவையான அளவு மட்டும் வாசிப்பார். நீர் கலியாண வீட்டில் வாசிக்கும்போது இந்த வெற்றனைத்தான் நினைக்கவேண்டும்.

யுரையா ஹீப் குழுவுக்கு அவர் போனது 1975இல். அந்த இடம் காலியானதில் ஒரு துயரக் கதை இருக்கிறது. அவருக்கு முன் அங்கே பேஸ் வாசித்தவர் நியூஸிலாந்தைச் சேர்ந்த கறி தெய்ன். மெட்டு மெட்டாக ஓடுகிற வாசிப்பு அவருடையது, நான் மிகவும் விரும்பிக் கேட்பவர். 1974 செப்டெம்பரில் அமெரிக்காவின் டலஸ் நகரத்து மேடையில் அவருக்கு மின்சாரம் தாக்கியது. காயமும் போதைப் பழக்கமும் சேர, குழு அவரை நீக்கியது. 1975 டிசெம்பரில் 27 வயதில் இறந்துபோனார். தம்பி, நீர் ஜெனரேற்றரில் ஓடுகிற திருவிழா மேடைகளில் வாசிக்கிறவர். ஏர்த் ஒழுங்காகக் கொடுத்திருக்கிறதா என்று சவுண்ட்காரரிடம் கேட்காமல், கையில் கிற்றார்க் கம்பியோடு மைக்கில் உதட்டை வைக்காதேயும். அம்ப்புக்கும் மைக்குக்கும் வேறு வேறு இடத்திலிருந்து லைன் இழுத்திருந்தால் இன்னும் கவனம். கேட்க வெட்கப்படவேண்டாம்.

ஹீப்போடு வெற்றன் செய்த 'றிரேர்ன் ரு ஃபன்ரசி' பிரித்தானியப் பட்டியலில் 7ஆம் இடத்துக்கு வந்தது. அந்தக் குழு அங்கே அதற்கு மேல் ஏறியதில்லை. இருந்தும் அவர் 1976இன் 'ஹை அன்ட் மைற்றி'யோடு விலகினார். பெரிய குழு, நல்ல வருமானம், ஆனால் பாடகர் டேவிட் பைரன், பாட்டுகளில் பெரும்பாலானவை கென் ஹென்ஸ்லியுடையவை. அவருக்கு அங்கே வேர்விட இடம் இருக்கவில்லை.

பிறகு யூ.கே. என்ற குழு. பழைய தோழர் புரூஃபோட், வயலினும் கீபோர்ட்டும் வாசிக்கிற எடி ஜொப்சன், கிற்றாரில் அலன் ஹோல்ட்ஸ்வேர்த். 1978இல் வந்த முதல் இசைத்தட்டில் 'இன் த டெட் ஒஃப் நைற்' கேளும். ஏழு எண்ணிக்கையில் போகிறது என்று எண்ணிப் பார்த்தால்தான் தெரியும், பாட்டு அவ்வளவு இயல்பாக நடக்கும். அதற்குக் காரணம் மேலே போகிற குரல். வெற்றன் தாளத்தின் சிக்கலை மெட்டுக்குள் மறைத்துவிடுவார். ஆனால் குழுவில் பாதி ஆட்களுக்கு நினைத்தபடி விரிவாக வாசிக்க வேண்டும், மற்றப் பாதிக்குப் பாட்டு வேண்டும். புரூஃபோட்டும் ஹோல்ட்ஸ்வேர்த்தும் போனார்கள், ட்ரம்ஸுக்கு ரெறி பொஸியோ வந்தார், மூவராக 'டேஞ்சர் மணி' செய்தார்கள். 1980இல் அதுவும் முடிந்தது. வெற்றனின் மனம் சின்னப் பாட்டுகளின் பக்கம் போய்க்கொண்டிருந்தது. இடையில் விஷ்போன் அஷ் குழுவோடு ஓர் இசைத்தட்டு வாசித்தார், அதைப் பற்றிச் சொல்ல எனக்கு அதிகம் இல்லை.

1981இல் ஏஷியா. யெஸ் குழுவின் ஸ்டீவ் ஹவ், பகிள்ஸிலும் யெஸ்ஸிலும் இருந்த ஜெஃப் டவுன்ஸ், எமர்சன் லேக் அன்ட் பாமரின் கார்ல் பாமர், இவர்களோடு வெற்றன். நால்வரும் நீளமான உருப்படிகளால் பெயர் எடுத்தவர்கள், சேர்ந்து செய்தது நாலைந்து நிமிடப் பாட்டுகள். 1982இன் முதல் இசைத்தட்டு அமெரிக்காவில் ஒன்பது வாரம் முதலிடத்தில் இருந்தது. பில்போட் பத்திரிகையின் அந்த வருடத்துப் பட்டியலிலும் அதுதான் முதலாவது. 'ஹீட் ஒஃப் த மொமன்ற்' 4ஆம் இடம்வரை வந்தது. பழைய கிறிம்சன் இரசிகர்களில் கனபேர் இதை வியாபாரம் என்று தள்ளினார்கள். நான் அப்படிப் பார்க்கவில்லை. அந்தப் பாட்டில் குரல்களை ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கியிருப்பதைக் கேளும், போண்மத் தேவாலயத்தின் பாடகர் குழு அங்கே நிற்கிறது.

பணத்தின் பக்கமும் சொல்லவேண்டும், ஏனென்றால் இது பேஸ் வாசிப்பவர்களை நேரே பாதிக்கிறது. ஒரு பாட்டு வானொலியில் போகும்போது எழுத்தாளர் பங்கு என்று ஒன்று வரும். அது மெட்டும் சொல்லும் எழுதியவர்களுக்குத்தான். அருமையான பேஸ் ஒன்றை வாசித்துக் கொடுத்தாலும் பாட்டின் கீழே உமது பெயர் இல்லையென்றால் அந்தப் பங்கு உமக்கு இல்லை. 'ஹீட் ஒஃப் த மொமன்ற்' பாட்டின் கீழே இருப்பவை வெற்றன், டவுன்ஸ் என்ற இரண்டு பெயர்கள். பேஸ் வாசிப்பவர்கள் குழு குழுவாக அலைய நேர்வதற்கு இது ஒரு பெரிய காரணம்: அநேகமான குழுக்களில் பெயரும் பாட்டும் பாடகரிடமும் கிற்றார்காரரிடமும் இருக்கின்றன.

அடுத்து நடந்ததுதான் உமது கேள்விக்கு நேரான விடை. இரண்டாவது இசைத்தட்டு 'அல்ஃபா' 1983இல் வந்தது, முதலாவது அளவுக்கு விற்கவில்லை. வெற்றனுக்கு மதுப் பழக்கமும் முற்றியிருந்தது, இதைப் பிற்காலத்தில் அவரே வெளிப்படையாகப் பேசியிருக்கிறார். அந்த வருடமே அவர் குழுவை விட்டு வெளியே. டிசெம்பர் 6ஆம் திகதி தோக்கியோ புடோகான் அரங்கில் ஒரு நிகழ்ச்சி, எம்ரிவி என்ற இசைத் தொலைக்காட்சி நேரடியாக ஒளிபரப்புகிறது. யாரைக் கூப்பிட்டார்கள்? கிறெக் லேக்கை. கிங் கிறிம்சனில் வெற்றனுக்கு முன்பே பாடிக்கொண்டு பேஸ் வாசித்தவர், பாமரின் பழைய தோழர், அதே கடற்கரைக்காரர். இதைவிடப் பொருத்தமான ஆளை உலகத்தில் தேடினாலும் கிடைக்காது. பேஸ் பகுதிகளை அவர் சில வாரத்தில் பிடித்துக்கொண்டார். ஆனால் பாட்டுகள் வெற்றனின் தொண்டைக்கு அளந்து எழுதப்பட்டவை, லேக்குக்காகச் சிலவற்றைச் சுருதி இறக்கவேண்டி வந்தது. அடுத்த வருடமே லேக் போனார், வெற்றன் திரும்பி வந்தார்.

1985இல் 'அஸ்ட்ரா'வுக்குப் பிறகு நீண்ட இடைவெளிகள், தனி இசைத்தட்டுகள். அவற்றில் தொண்ணூறுகளில் வந்த 'பற்றில் லைன்ஸ்' எனக்கு மிகவும் பிடித்தது. 2005இல் டவுன்ஸோடு 'ஐக்கன்'. 2006இல் ஏஷியாவின் பழைய நால்வரும் ஒன்று சேர்ந்தார்கள். 2007இல் வெற்றனுக்கு இருதயச் சத்திரசிகிச்சை, ஆனாலும் 2008இல் 'ஃபீனிக்ஸ்' வந்தது. 2011இலிருந்து ஜொப்சனோடு யூ.கே.யும் திரும்ப மேடையேறியது. மதுவை விட்ட பிறகு அவருடைய குரல் தெளிந்திருந்தது, அந்தப் பிற்காலப் பதிவுகளை ஒதுக்கவேண்டாம். 2017 ஜனவரி 31இல், 67 வயதில், பெருங்குடல் புற்றுநோயால் காலமானார்.

உமது விஷயத்துக்கு வருகிறேன். புதுக் குழுவுக்குப் போம். ஆனால் பழைய குழுவுக்குச் சொல்லிவிட்டு, கையேற்ற கலியாணங்களை வாசித்து முடித்துவிட்டுப் போம். யாழ்ப்பாணம் சின்ன இடம். இன்றைக்கு நீர் விடுகிற குழுவின் ட்ரம்ஸ்காரர் நாளைக்கு வேறோர் இடத்தில் உமக்குப் பக்கத்தில் இருப்பார், வெற்றனுக்கும் புரூஃபோட்டுக்கும் அப்படித்தான் நடந்தது. போகிற இடத்தில் உம்மைப் பாட விடுவார்களா, நீர் போட்ட மெட்டைக் கேட்டாவது பார்ப்பார்களா என்று முதலே கேளும். சம்பளத்தை விட எனக்கு இது முக்கியமாகப் படுகிறது. கோயில் பாடகர் குழுவை மட்டும் விடாதேயும். நான்கு குரலுக்கு நடுவில் நின்று வாசிக்க ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் கிடைக்கிற இடம் வேறு இல்லை.

கேட்கிற ஒழுங்கு. முதலில் 'ஹீட் ஒஃப் த மொமன்ற்', காது இலேசாகப் பழகும். பிறகு 'இன் த டெட் ஒஃப் நைற்'. பிறகு 'விவா', பாடகருக்கு எப்படி வழிவிடுகிறார் என்று பார்க்க. அதன் பிறகு 'லார்க்ஸ் ரங்ஸ்' இசைத்தட்டிலிருந்து 'எக்ஸைல்ஸ்', 'ஈஸி மணி' இரண்டும். 'றெட்' கடைசியாக, முழுவதும் ஒரே இருப்பில்.

ஃபோன் ஸ்பீக்கரில் கேட்கவேண்டாம். தொண்ணூறுகளில் மின்சாரம் இல்லாத காலத்தில் சைக்கிள் டைனமோவைச் சுற்றிக் கசற் கேட்ட ஆட்கள் நாங்கள். அந்தச் சின்ன ஸ்பீக்கரில் பாட்டு வந்தது, பேஸ் வரவில்லை. பேஸ் கிற்றாரின் தடித்த கம்பி திறந்தபடி ஒலித்தால் வினாடிக்கு 41 அதிர்வுதான், ஃபோனின் ஸ்பீக்கரால் அதைத் தரமுடியாது. நல்ல ஹெட்ஃபோன் ஒன்று வாங்கும், அல்லது கோயில் மண்டபத்து ஸ்பீக்கரில் ஒத்திகைக்கு முன் போட்டுக் கேளும். 'ஸ்டார்லெஸ்' நடுப்பகுதியை முதலில் கையால் 13 எண்ணிப் பிடித்துக்கொண்டு, பிறகு கிற்றாரைத் தூக்கும். மெதுவாக, மூன்று நிமிடம் வேகம் கூடாமல் வாசிக்க வந்தால் எனக்குச் சொல்லும். அடுத்ததாகக் கறி தெய்னின் வாசிப்பைப் பற்றி விரிவாக எழுதுகிறேன்.